மெத்து மெத்தென்ற சீட்டில் ஏன் வலிக்கிறது?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 41. தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் மவுண்டன் பைக் ஓட்டுவார்கள். ஒரு வருஷமாக நானும் சேர்ந்துகொண்டேன். முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள சைக்கிள். ஒரு மணி நேரம் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் உட்கார முடியவில்லை, முன்பக்கம் மரத்துப்போகிறது. கடையில் சொன்னார்கள் என்று அகலமான ஜெல் சீட் வாங்கிப் போட்டேன். இன்னும் மோசம், தொடையும் உரசிப் புண்ணாகிறது. இரண்டு மாதத்தில் 60 கிலோமீட்டர் சைக்கிள் ஜம்போரி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். 250 ரிங்கிட் வரை செலவழிக்கலாம். எந்த சீட் வாங்கலாம்? தம்பி தன் பழைய சீட்டைத் தருகிறேன் என்கிறான், அதைத் தொட்டுப் பார்த்தாலே கல்லாக இருக்கிறது. கடையில் இருக்கும் ஆண்பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கூச்சப்பட்டுக்கொண்டு "பின்னாடி வலிக்குது" என்று மட்டும் சொன்னால், எந்தக் கடைக்காரரும் இருப்பதிலேயே தடித்த மெத்தை வைத்த சீட்டைத்தான் எடுத்து நீட்டுவார். அவர் மேல் குற்றமில்லை. எந்த இடம், எத்தனை நேரம் கழித்து, மரத்துப்போகிறதா, எரிகிறதா, குத்துகிறதா என்று சொன்னால்தான் சரியான சாமான் கைக்கு வரும். பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் நான் தினமும் கேட்கிற கேள்விகள்தான் இவை.

உங்கள் கடிதத்தில் மூன்று தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. உட்கார முடியாதது எலும்பு வலி. மரத்துப்போவது நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குவதால். தொடைப் புண், தோல் உரசல். ஒரே சீட்டினால் வந்தவை என்றாலும் மூன்றுக்கும் காரணம் வேறு.

உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் உருண்டையாக ஓர் எலும்பு கையில் குத்தும். சைக்கிளில் உங்கள் எடையைத் தாங்க வேண்டியவை அந்த இரண்டு எலும்புகள்தான். புதிதாக ஓட்ட ஆரம்பிப்பவர்களுக்கு அங்கே அடிபட்ட மாதிரி வலிக்கும், சில வாரத்தில் பழகிவிடும். அந்த வலிக்கு நான் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது மரத்துப்போவதற்கு. அந்த எலும்புகளுக்கு நடுவே, முன்பக்கமாக இருக்கும் மென்மையான பகுதியில் புடெண்டல் என்கிற நரம்பும் ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. எடை எலும்பை விட்டு அங்கே இறங்கினால் முதலில் கூசும், அப்புறம் உணர்ச்சியே இருக்காது. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று கூட்டாளிகள் சொல்வார்கள். இது பழகக்கூடிய வலி இல்லை, விட்டுவைக்காதீர்கள்.

இப்போது ஜெல் சீட்டுக்கு வருவோம். உட்கார்ந்ததும் எலும்பு இரண்டும் ஜெல்லுக்குள் புதைகின்றன. தண்ணீர்ப் பையின் இரண்டு ஓரத்தையும் அழுத்தினால் நடுப்பகுதி மேலே எழும்புமே, அதே கதைதான்: புதைந்த அளவுக்கு நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி, எந்த இடத்தில் அழுத்தம் படக்கூடாதோ அதே இடத்தை அழுத்துகிறது. கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போதும், ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போதும் சொர்க்கமாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரப் பயணத்தில்தான் அதன் குணம் தெரியும். அகலத்தால் வருவது இன்னொரு தொல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பாசார் வரை போய்வரச் செய்த சீட் அது. தோட்டத்தில் ஹேண்டலை நோக்கிக் குனிந்து மிதிக்கும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் தொடையின் உட்பக்கம் அதன் ஓரத்தில் உரசும். உங்கள் புண் அப்படி வந்ததுதான்.

ஆனால் 250 ரிங்கிட்டை உடனே எடுத்து நீட்டாதீர்கள். பழைய சீட் இன்னும் வீட்டில் இருந்தால் அதையே திருப்பி மாட்டி, முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். "சீட் சரியில்லை" என்று வருபவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை சீட்டில் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

முதலில் உயரம். சீட் உயரமாக இருந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இடமும் வலமும் ஆடும், மென்பகுதி சீட்டில் தேயும். தாழ்வாக இருந்தால் கால்கள் எடையைத் தாங்காமல் முழுப் பாரமும் சீட்டில் உட்கார்ந்துவிடும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காருவது போல இறுக்கமாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். தூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. 74 சென்டிமீட்டர் வந்தால், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய 65.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது தார் ரோட்டுக்கான கணக்கு. மேடும் பள்ளமுமான செம்மண் பாதையில் ஒரு சென்டிமீட்டர் இறக்கி வைத்தால் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்கும். கணக்கு வேண்டாம் என்றால், சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும்.

அடுத்து சாய்மானம். சைக்கிளைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சீட்டின்மேல் நீளவாக்கில் ஓர் அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்து மட்டம் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அதற்கான செயலி இருக்கிறது. சீட்டின் மூக்கு, அதாவது முன்நுனி, இரண்டு டிகிரி மேலே நிமிர்ந்திருந்தாலே மரத்துப்போக அது போதும். சைக்கிளை ஏற்றி இறக்கும்போது சீட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் லேசாக நழுவி இப்படி ஆகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. மட்டமாக வைத்து ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகும் முன்பக்கம் அழுத்தினால் ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் இரண்டு டிகிரி கீழே சாய்க்கலாம். அதற்கு மேல் சாய்த்தால் உடம்பு முன்னால் சறுக்கி, எடையெல்லாம் கைக்குப் போகும். மணிக்கட்டு வலியோடு என்னிடம் வருபவர்களின் சைக்கிளை எட்டிப் பார்த்தால் சீட் மூக்கு கவிழ்ந்திருப்பது சகஜம்.

மூன்றாவது டயர் காற்று. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. செம்பனைப் பழம் ஏற்றிய லாரிகள் போய்வந்து இறுகிய தடத்தில், சரளையும் குழியும் தரும் ஒவ்வொரு குலுங்கலையும் பின்சக்கரம் நேராக சீட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் சைக்கிளில் பின்னால் சஸ்பென்ஷன் இல்லை, ஆகவே டயர்தான் சஸ்பென்ஷன். கடையிலிருந்து வரும்போது 45, 50 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவார்கள். 2.2 இன்ச் அகல டயரில் டியூப் போட்டிருக்கிறீர்கள், எடை 60 கிலோ பக்கம் என்று வைத்துக்கொண்டால், 28-லிருந்து 30 பிஎஸ்ஐ போதும். பெட்ரோல் நிலையத்துப் பம்பில் கேபிஏ கணக்கு இருக்கும், அதில் 200 பக்கம். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வாக இருந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய வால்வுக்கு ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். இன்னும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் விளிம்பில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும், அது வேண்டாம்.

இந்த மூன்றையும் சரிசெய்து இரண்டு ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். தொல்லை குறையலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இனிதான் சீட் வாங்கும் பேச்சு.

சீட் வாங்கும்போது பிராண்டை விட அகலம் முக்கியம். அந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. பெரும்பாலோருக்கு 10-லிருந்து 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சராசரியாகப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். உடல் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒல்லியான பெண்ணுக்கு 14 வருவதும், பெரிய உடம்புக்காரருக்கு 11 வருவதும் உண்டு. "நீங்க கொஞ்சம் பெரிய சைஸ் எடுங்க" என்று ஆளைப் பார்த்துச் சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். மளிகைக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி கேளுங்கள். உள்ளே அலை அலையாக மடிப்பு வைத்த தடித்த அட்டை வேண்டும், பிஸ்கட் டப்பா அட்டை உதவாது. ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, படிக்கட்டின் கீழ்ப்படியிலோ மெத்தை இல்லாத மர ஸ்டூலிலோ வையுங்கள். மெல்லிய துணி போட்டுக்கொண்டு அதன்மேல் உட்காருங்கள். குதிகாலை லேசாக உயர்த்தி, சைக்கிள் ஓட்டும்போது எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு முன்னால் குனிந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்த பிறகு அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பள்ளம் தெரியும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் விரல் நுனியால் தடவுங்கள், இல்லையென்றால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் மட்டும் வெளிறி நிற்கும். இரண்டு பள்ளங்களின் ஆழமான புள்ளியிலிருந்து புள்ளிக்கு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள், முதல் முறை நிச்சயம் கோணலாக உட்கார்ந்திருப்பீர்கள்.

வந்த அளவோடு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் உங்கள் சீட்டின் அகலம். நன்றாக நிமிர்ந்து ஓட்டுபவர் என்றால் 3 கூட்டலாம். குனியக் குனிய இடுப்பெலும்பு முன்னால் உருண்டு, அதன் குறுகலான பகுதி சீட்டில் படியும், அதனால் அகலம் குறைந்தால் போதும். உதாரணத்துக்கு 12.5 வந்தால் 145 மில்லிமீட்டர் சீட் தேவை. 13.5 வந்தால் 155. நல்ல தயாரிப்புகளில் ஒரே மாடலே இரண்டு மூன்று அகலங்களில் வரும். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் பவர் வகையில் 143, 155, 168 என்று இருக்கிறது. டபிள்யூடிபி, எர்கான் போன்றவையும் அப்படித்தான். அகலமே குறிப்பிடாத சீட்டை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ராக்கில் திருப்பி வைத்துவிடுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, மரத்துப்போகும் உங்களுக்கு நடுவில் நீளமான பள்ளமோ ஓட்டையோ உள்ள சீட் வேண்டும். மூக்கு குட்டையாக இருப்பது கூடுதல் நல்லது, குனியும்போது முன்பக்கம் குத்தாது. ஒரு எச்சரிக்கை: ஓட்டையின் ஓரம் கூர்மையாக இருந்தால் சில பெண்களுக்கு அந்த ஓரமே அழுத்தி வீக்கம் வரும். அப்படி ஆனால் ஓட்டை இல்லாமல், நடுவில் மட்டும் மெத்தை மிக மென்மையாக வைத்த வகையைத் தேடுங்கள். ஸ்பெஷலைஸ்டின் மிமிக் அப்படிப்பட்டது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் ஆண் போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. 2008-ல் வந்த அந்த ஆய்வில் மரத்துப்போவது பெரிதும் குறைந்திருந்தது. உங்கள் தம்பியும் தெரிந்துகொள்ளட்டும், இது பெண்களுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. ஆனால் மூக்கில்லாத சீட்டைத் தோட்டப் பாதைக்கு நான் சொல்ல மாட்டேன். இறக்கத்திலும் வளைவிலும் சைக்கிளைத் தொடையால் கட்டுப்படுத்த அந்த மூக்கு வேண்டும்.

மெத்தை கெட்டியாக, மெல்லியதாக இருக்கட்டும். தம்பியின் "கல்" சீட்டை அதற்காக ஒதுக்காதீர்கள். அகலம் உங்கள் அளவுக்கு ஒத்து வந்தால் இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கிடைத்த நல்ல சீட் அது. ஒத்து வராவிட்டால் என்ன பாசம் இருந்தாலும் வேண்டாம்.

தோல் சீட் பற்றி யாராவது சொல்லக்கூடும். இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனி 1866-லிருந்து இருக்கிறது. அவர்களுடைய பி17 தோல் சீட், ஓட்டுபவரின் எலும்புக்கு ஏற்பப் பள்ளம் விழுந்து பதமாகும், பல வருஷம் உழைக்கும். நம் ஊருக்கு அது சரிப்படுமா என்றால், எனக்கு மனம் வரவில்லை. பிற்பகல் மழை, சேறு, ஈரக்காற்று. நனைந்தால் தோல் தொய்யும், ஒரு வாரம் ஸ்டோரில் வைத்தால் பூஞ்சை பூக்கும். உங்கள் பட்ஜெட்டுக்கும் மேல். அதே கம்பெனியின் கேம்பியம் வகையில் மேல்பகுதி வல்கனைஸ் செய்த இயற்கை ரப்பர். பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனிப் பிரியம் வருவது இயல்பு. மழைக்கும் தாங்கும். புதிதாக வாங்கினால் அதுவும் 250-ஐத் தாண்டும்.

ஆகவே என் யோசனை: அளவைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சீட் தேடுங்கள். முடா, கேரசல் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் சீட் விற்பவர்களில் பாதிப் பேர் தங்களுக்கு அகலம் ஒத்து வராமல் இரண்டு வாரத்தில் கழற்றியவர்கள். நல்ல சீட் பாதி விலைக்குக் கிடைக்கும், ஒத்து வராவிட்டால் அதே விலைக்கு நீங்களும் விற்றுவிடலாம். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள இரண்டு கம்பிகளும் வளையாமல் இருக்க வேண்டும். சாதாரணக் கம்பி உருண்டையாக 7 மில்லிமீட்டர் இருக்கும். கார்பன் கம்பி முட்டை வடிவில் 7-க்கு 9, உங்கள் சீட் போஸ்டின் கிளாம்ப் அதற்குப் பொருந்தாது, கட்டாயப்படுத்தி இறுக்கினால் விரிசல் விடும். மேல்துணியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் விழுந்து எழுந்த சைக்கிள், அது பெரிய குறை இல்லை.

புதிய சீட்டை மாட்டியதும் உயரத்தை மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டும் கம்பியிலிருந்து மேல்பகுதி வரை வேறு வேறு உயரம், ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வரும். குட்டை மூக்கு சீட்டில் இன்னொரு குழப்பம்: மூக்கு நுனியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் உட்காரும் இடம் மிகவும் முன்னால் வந்துவிடும். பழைய சீட்டில் 80 மில்லிமீட்டர் அகலம் வரும் இடத்தில் ஒரு டேப் ஒட்டி, அது ஹேண்டலிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய சீட்டிலும் 80 வரும் இடத்தைக் கண்டுபிடித்து அதே தூரத்தில் பொருத்துங்கள். அதற்குப் பிறகு மாற்றுவதாக இருந்தால் ஒரு முறைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள்.

உடை விஷயம் கடிதத்தில் இல்லை, ஆனால் யூகிக்க முடிகிறது. டிராக் பேண்டும் உள்ளே பருத்தி உள்ளாடையும்தானே? நான்கு தையலும் சந்திக்கும் முடிச்சு சரியாக சீட்டின் நடுவில் உட்காருகிறது, பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கிறது. பட்ஜெட்டில் உள்ள 250 ரிங்கிட்டில் ஒரு பங்கைப் பெண்களுக்கான பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு ஒதுக்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, உள்ளாடை இல்லாமல் போடத்தான் அதைத் தைத்திருக்கிறார்கள். அதை மட்டும் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆட்கள் முன்னால் போக சங்கடமாக இருந்தால், மேலே தொளதொளப்பான ஷார்ட்ஸோ பேண்டோ போட்டுக்கொள்ளலாம், பேடின் வேலை கெடாது. பவுடர் போடாதீர்கள், வியர்வையில் கட்டி கட்டியாகி அதுவே உராயும். உரசும் இடத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான கிரீம் தடவலாம், இல்லாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி. துவைக்கத்தான் கொஞ்சம் சிரமம். ஓட்டி முடித்ததும் அதே ஈர உடையோடு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடும் பழக்கம் எல்லாக் குழுவிலும் உண்டு. முடிகுத்துக் கொப்புளம் வருவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். மாற்றுத் துணி கொண்டுபோங்கள்.

தொடையில் இப்போது இருக்கும் புண் ஆறும்வரை சீட்டில் ஏறாதீர்கள். சிவந்து வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள், சர்க்கரை இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மரத்துப்போனது இறங்கிய சில நிமிடத்தில் சரியாகாமல் மறுநாள் வரை இருந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, அதுவும் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

ஓட்டும் விதத்திலும் ஒன்று கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, மரத்துப்போகும் வரை காத்திருக்காமல், பெடலில் எழுந்து நின்று ஒரு 20 விநாடி போங்கள். குழியும் வேரும் வரும் இடத்தில் உட்கார்ந்தே ஏறி இறங்காதீர்கள், இடுப்பைச் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, முழங்காலை மடக்கி விடுங்கள். சமதளத்தில் உட்கார்ந்தே போவதுதான் இடுப்புக்குக் கொடுமை. மேடு பள்ளம் நிறைந்த பாதையில் எழுந்து எழுந்து உட்காருவதால் உண்மையில் வலி குறைவு.

ஜம்போரிக்கு இரண்டு மாதம் இருக்கிறது, போதுமான நேரம். சீட்டை எப்படியும் மூன்று வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் யார் எதைப் புகழ்ந்தாலும் மாற்றாதீர்கள். ஒரு ஞாயிறு 40 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓட்ட முடிந்தால் 60 முடியும். அன்றைக்குச் சட்டைப் பையில் சீட் கிளாம்புக்குப் பொருந்தும் ஆலன் கீ ஒன்று இருக்கட்டும். வழியில் மூக்கு நிமிர்ந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி நீங்களே மட்டம் பார்த்துக்கொள்ளலாம், தம்பி திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.